சார்ஜன்களுக்குப் பயிற்சி கொடுக்கக் காசு தேடி அலைந்த கதை

பினாங்கில் போலீஸ் பந்துவான் (துணைப் போலீஸ்) சேவை கொடுக்கும் ஒரு கம்பெனியின் கிளை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ரோஸ்டர், லீவு, சீருடை, பயிற்சி எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். எங்கள் சார்ஜன்களுக்கும் கொப்ரல்களுக்கும் ஒரு மூன்று நாள் தலைமைத்துவப் பயிற்சி ஏற்பாடு செய்ய எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. அதில் கம்பெனி காசு போனது, என் சொந்தக் காசும் போனது, ராத்திரித் தூக்கம் நிறையவே போனது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. கோலாலம்பூரிலோ ஜொகூரிலோ இதே வேலையை வைத்துக்கொண்டு இன்னொருவர் இப்போது முழித்துக்கொண்டிருப்பார், அவருக்காவது இது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். போலீஸ் பந்துவான் சாதாரண செக்யூரிட்டி கார்டு கிடையாது. 1967ஆம் ஆண்டு போலீஸ் சட்டம் 47ஆவது பிரிவின்படி நியமிக்கப்படுகிறவர்கள். கான்ஸ்டபிள், லான்ஸ் கொப்ரல், கொப்ரல், சார்ஜன் என்று பதவிகளும் போலீஸில் இருப்பது போலத்தான். தங்கள் பணியிட எல்லைக்குள் ஒருவரைப் பிடித்து வைக்கலாம், ஆனால் தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். சம்பளம், சீருடை, பயிற்சி எல்லாச் செலவும் முதலாளியுடையது. அடிப்படைப் பயிற்சி முடித்துத்தான் வருகிறார்கள், அணிவகுப்பும் சட்டமும் அதில் கற்றுக்கொள்கிறார்கள். அப்புறம் சில வருடம் பேர் கெடாமல் வேலை செய்தால் கையில் பட்டை ஏறும். பட்டை ஏறிய அன்றிலிருந்து பத்துப் பதினைந்து பேரைக் கட்டி மேய்க்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று எங்கள் கம்பெனியில் யாரும் ஒரு மணி நேரம்கூட உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை.

எனக்கு இது உறைத்தது ஒரு லோரி டிரைவர் விஷயத்தில். பட்டர்வொர்த் பக்கம் ஒரு கிடங்கு, ராத்திரி ஷிப்ட். பாஸ் இல்லாமல் உள்ளே வந்த டிரைவரோடு ஓர் இளம் கான்ஸ்டபிள் வாக்குவாதம் செய்து, சட்டைக் காலரைப் பிடித்து, கேட் கம்பியில் தள்ளிவிட்டார். டிரைவருக்குப் புருவத்தில் தையல். மறுநாள் சிசிடிவி பதிவைப் பார்த்து அறிக்கை எழுதும் வேலை எனக்கு. பொண்டோக் என்கிற காவல் அறையின் வாசலில் சார்ஜன் நிற்கிறார், கையில் வாக்கி டாக்கி. ஓரடி முன்னே வைக்கிறார், நின்றுவிடுகிறார். வாயைத் திறக்கிறார், ஒன்றும் சொல்லவில்லை. அரை நிமிடம் அப்படியே போகிறது, அதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடுகிறது. நானே அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். எனக்கு அண்ணன் மாதிரி, நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பழக்கம். "எல்லார் முன்னாலயும் அவனை ஏசினா நாளைக்கு என் பேச்சை எவனும் கேக்க மாட்டான்னு நெனச்சேன் தங்கச்சி. என்ன சொல்றதுன்னே தெரியல" என்றார். பதினாறு வருட சர்வீஸ். மூன்று பட்டையை இரண்டாக இறக்கிவிட்டார்கள். எனக்கு மனசே ஆறவில்லை. டிரைவருக்கு நடந்தது அநியாயம், அதில் பேச்சே இல்லை. ஆனால் தெரியாத வேலையை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, தெரியவில்லை என்றதும் தண்டிப்பதும் சரியாகப் படவில்லை.

நம் நாட்டில் போலீஸ் சீர்திருத்தம் என்றால் பேச்சு எப்போதும் மேலே மேலேதான் போகும். துன் சைடின் அப்துல்லா தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 2005இல் 125 பரிந்துரைகளைக் கொடுத்தது, பொதுமக்கள் ஞாபகத்தில் நின்றது சுயேச்சை விசாரணை அமைப்பு வேண்டும் என்ற ஒன்றுதான். போலீஸ் நடத்தையைக் கவனிக்கும் சுயேச்சை ஆணையம் 2023 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தபோதும் அதற்கு எவ்வளவு அதிகாரம் என்பதுதான் வாதம். தப்பு நடந்த பிறகு யார் விசாரிப்பது என்பது நம் சமூகத்துக்கு எவ்வளவு பெரிய கேள்வி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தப்பு நடக்கிற அந்த அரை நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவர் ஒரு சார்ஜனோ கொப்ரலோதான். அவருக்குச் செலவழிக்க எந்தக் கணக்கிலும் காசு இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

கிளை மேனேஜரிடம் போய் நின்றேன். நல்ல மனிதர், வேண்டாம் என்று சொல்லவில்லை. "நீங்களே பாருங்க, காசு எங்கேயிருந்து வரும்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, கையெழுத்து போடறேன்" என்றார். அன்றிலிருந்து அது என் தலையில்.

முதலில் பயிற்சி கொடுப்பவர்களிடம் விலை கேட்டேன். ஒரு நாளைக்கு 3,500 வெள்ளி (ரிங்கிட்) தொடங்கி 7,000 வெள்ளி வரை சொன்னார்கள். பாதிப் பேருடைய பாடத்திட்டம் ஆபீஸ் மேனேஜர்களுக்கு எழுதியது. பலூன் ஊதி உடைக்கிற விளையாட்டு, உன் கனவை எழுது, உன் நிறம் எது, இப்படி. ராத்திரி மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் நிற்கும் கான்ஸ்டபிளை எப்படித் திருத்துவது என்று அதில் ஒரு வரி கிடையாது. விலை கேட்கும்போதே இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள். சேவை வரி சேர்த்தா, சேர்க்காமலா? 2024 மார்ச்சிலிருந்து அது 8 சதவீதம், பன்னிரண்டாயிரம் வெள்ளி பில்லில் 960 வெள்ளி கூடும், கடைசி நேரத்தில் அந்தக் காசுக்கு எங்கே போவீர்கள்? இரண்டாவது, பாடம் நடத்தப் போகிறவர் சீருடை போட்டு ஆள் நடத்தியவரா? விற்க வருபவர் ஒருவர், வகுப்புக்கு வருபவர் வேறொருவர் என்பது இந்தத் தொழிலில் சகஜம். பேரைக் கேளுங்கள், அவரோடு ஒரு கால்மணி நேரம் போனிலாவது பேசுங்கள். எனக்குக் கடைசியில் அமைந்தவர் போலீஸில் சப் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைக் கண்டுபிடித்ததுதான் இந்த முழு அலைச்சலிலும் நடந்த நல்ல காரியம்.

அடுத்து மானியம் தேடினேன். ராத்திரி சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்து தேடினால் வருவதெல்லாம் அமெரிக்காவுடையது. அங்கே இதற்கென்றே பெரிய ஏற்பாடுகள் இருக்கின்றன. 1988இல் நியூயார்க்கில் ஒரு சாட்சியின் வீட்டுக்குக் காவல் நின்றபோது சுட்டுக் கொல்லப்பட்ட எட்வர்ட் பைர்ன் என்ற இளம் போலீஸ்காரர் பேரில் மத்திய அரசு மானியம் ஒன்று உண்டு, பயிற்சிக்கும் அதை எடுக்கலாம். எஃப்பிஐயின் தேசிய அகாடமி 1935இலிருந்து நடக்கிறது, பத்து வாரப் பயிற்சி, ஆனால் அது பெரும்பாலும் சார்ஜனுக்கு மேலே இருப்பவர்களுக்கு. உலகப் போலீஸ் தலைவர்கள் சங்கம் நடத்தும் தலைமைத்துவப் பாடம் ஒன்று வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்விக்கூடப் பாடத்தை வைத்து உருவாக்கியது. படிக்கப் படிக்க ஆசையாக இருந்தது. ஆனால் அந்த மானியங்கள் அவர்களுடைய மாநில, நகர அமைப்புகளுக்கு. பினாங்கில் இருக்கும் ஒரு தனியார் கம்பெனிக்கு அதில் ஒரு காசு கிடைக்காது. பல ராத்திரிகள் அதில் போயின. நீங்கள் போக வேண்டாம்.

ஆனாலும் அந்தப் பக்கங்களில் ஒரு வரி என் கண்ணில் பட்டு மனசில் தங்கிவிட்டது. அவர்களுடைய உள்நாட்டுப் பாதுகாப்பு மானிய விதிகளில், ஒருவர் பயிற்சிக்குப் போகும்போது அவர் இடத்தில் நிற்பவருக்குக் கொடுக்கும் ஓவர்டைம் சம்பளத்தையும் செலவாகக் காட்டலாம் என்று தனியாக எழுதியிருந்தார்கள். அப்போது அதன் அருமை எனக்கு முழுசாகத் தெரியவில்லை.

நம் நாட்டில் இருக்கும் வழி லெவி. பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ளூர் தொழிலாளர் வைத்திருக்கும் கம்பெனி, 2001ஆம் ஆண்டு சட்டப்படி, அடிப்படைச் சம்பளத்திலும் நிலையான அலவன்ஸிலும் 1 சதவீதத்தை எச்ஆர்டி கார்ப் என்ற மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு மாதாமாதம் கட்ட வேண்டும். அந்தக் காசு கம்பெனி பேரில் சேரும், பயிற்சி நடத்தும்போது அதிலிருந்து எடுக்கலாம். எங்கள் கிளைக்கு நானே கணக்குப் போட்டேன். 140 பேர், சராசரி 2,000 வெள்ளி, மாதம் 2,80,000. அதில் ஒரு சதவீதம் 2,800, வருடத்துக்கு 33,600 வெள்ளி. எனக்கு ஒரே சந்தோஷம், இதோ காசு இருக்கிறதே என்று. கோலாலம்பூர் தலைமையகத்துக்குப் போன் போட்டால், மீதி ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றார்கள். எக்செல் வகுப்பு, நிர்வாகிகளுக்கான இரண்டு நாள் ஹோட்டல் பயிற்சி என்று தலைமையகமே எடுத்து முடித்திருந்தது. வெயிலிலும் மழையிலும் கேட்டில் நிற்பவர்கள் சம்பளக் கணக்கில் சேர்ந்த காசு, குளிர்சாதன அறையில் இருப்பவர்களுக்குச் செலவாகியிருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இப்போது எழுதும்போதும் வருகிறது. சட்டப்படி தப்பில்லை, லெவி கம்பெனி பேரில்தான் இருக்கிறது, கிளை பேரில் இல்லை. யார் முதலில் கேட்கிறார்களோ அவர்களுக்கு. அதனால், இந்த வேலையில் இறங்குபவர் பயிற்றுநரைத் தேடுவதற்கு முன்னால் லெவி மீதியைக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், வருடத் தொடக்கத்திலேயே கேளுங்கள், உங்கள் கிளை எவ்வளவு கட்டுகிறது என்று தனியாகப் பிரித்து ஒரு தாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நேரத்தில்தான் ஓர் ஏஜென்ட் வந்தார். தலைமையகத்தில் யாரோ அனுப்பி வைத்தார்கள். "மானியம் நான் எடுத்துத் தர்றேன், உங்களுக்கு ஒரு காசு செலவில்ல" என்று பேசி, பதிவுச் செலவு என்று 3,000 வெள்ளி முன்பணம் வாங்கிக்கொண்டு போனார். மேலிடத்தில் ஒப்புக்கொண்டது, நான் வெறுமனே வவுச்சர் எழுதினேன். அப்புறம் பார்த்தால் அவர் சொன்ன பயிற்சி நிறுவனத்தின் பதிவு காலாவதியாகியிருந்தது. பதிவு இல்லாத நிறுவனத்துக்கு லெவியிலிருந்து கட்டணம் போகாது. போனை எடுப்பார், அடுத்த வாரம் என்பார், எடுப்பதையும் ஒருநாள் நிறுத்திவிட்டார். அந்த மூவாயிரம் திரும்பி வரவே இல்லை. விண்ணப்பம் எச்ஆர்டி கார்ப்பின் இணையத்தளத்தில் முதலாளி கணக்கிலிருந்தே போடலாம். விலைப்பட்டியல், பாடத்திட்டம், நேர அட்டவணை, பயிற்றுநர் விவரம், இதெல்லாம் கையில் இருந்தால் உட்கார்ந்து நாமே செய்துவிடலாம். நடுவில் ஆள் தேவையே இல்லை. பயிற்சி நிறுவனத்தின் பதிவு உயிரோடு இருக்கிறதா, பாடம் நடத்துபவருக்குத் தகுதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். எங்கள் ஓய்வு பெற்ற சப் இன்ஸ்பெக்டருக்குச் சொந்தமாக நிறுவனம் கிடையாது, அதனால் பதிவு உள்ள ஒரு நிறுவனத்தின் வழியாக வந்தார். அதில் அவருக்குக் கமிஷன் பிடித்தார்கள், பாவம். முக்கியமான இன்னொன்று: விண்ணப்பம் பயிற்சி தொடங்குவதற்கு முன்னால் போயிருக்க வேண்டும். நடத்திவிட்டு அப்புறம் கேட்டால் கிடையாது.

பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கித் தலைமையகத்துக்குப் போனேன். என் லீவைப் போட்டு, என் டிக்கெட்டில். அந்த 33,600 கணக்கையும், லோரி டிரைவர் விஷயத்தில் கம்பெனி கொடுத்த மருத்துவச் செலவு, வக்கீல் செலவு கணக்கையும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே தாளில் போட்டுக் கொண்டுபோனேன். மனிதவளப் பிரிவுத் தலைவி முதலில் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றுதான் ஆரம்பித்தார். இரண்டாவது எண்ணைப் பார்த்தபிறகு பேச்சு மாறியது. ஜனவரியில் பினாங்குக்கென்று 20,000 வெள்ளி ஒதுக்குகிறேன் என்று மின்னஞ்சலில் எழுதிக் கொடுத்தார். பயிற்சி நல்லது, அவசியம் என்று பேசிக்கொண்டிருந்தால் தலையை ஆட்டுவார்கள், காசு வராது. பயிற்சி இல்லாததால் ஏற்கெனவே போன காசைக் காட்டினால்தான் வரும்.

காசு கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கும் இடம் இதுதான், எனக்கு வேலை தொடங்கியதே இங்கேதான். பன்னிரண்டு பேர், மூன்று நாள், ஒரு ஹால், மதியச் சாப்பாடு. கட்டணம் லெவியில் போகும், ஆனால் ஹாலுக்கும் சமையல்காரருக்கும் முன்பணம் ரொக்கமாக வேண்டும். கிளை செலவுக் காசு வர நாளாகும் என்றதால் 1,350 வெள்ளி நானே கட்டினேன். முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு ஏழு பேர்தான் வந்திருந்தார்கள். பத்தரைக்கு ஒரு பணித்தளத்திலிருந்து போன், ஒருவர் மெடிக்கல் லீவு, சார்ஜனை உடனே அனுப்பு. கொஞ்ச நேரத்தில் இன்னொரு தளம். ஒப்பந்தப்படி போஸ்ட் காலியாக இருந்தால் வாடிக்கையாளர் பில்லில் வெட்டுவார், அதனால் மேனேஜராலும் தடுக்க முடியவில்லை. மத்தியானம் நான்கு பேரை வைத்துக்கொண்டு பயிற்றுநர் என்னைப் பார்க்கிறார், நான் சாப்பாட்டுத் தட்டுகளைப் பார்க்கிறேன். மிச்ச நாளை ரத்து செய்தோம். ஹால்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. அந்த 1,350இல் எனக்குத் திரும்பி வந்தது சாப்பாட்டுக் காசு மட்டும், அதுவும் பல மாதம் கழித்து. வீட்டில் அம்மா, "உனக்கு எதுக்குடி இந்த வேலை, சம்பளம் வாங்கினோமா வந்தோமான்னு இருக்க வேண்டியதுதானே" என்றார். அன்றைக்கு எனக்கும் அப்படித்தான் இருந்தது, குளியலறையில் போய் அழுதேன்.

அமெரிக்க விதிகளில் பார்த்த அந்த வரி அப்போதுதான் ஞாபகம் வந்தது. பயிற்சிக் கட்டணத்தைவிட, அந்த மூன்று நாள் அவர்கள் இடத்தில் யார் நிற்பது என்பதுதான் கேள்வி. எங்கள் லெவி விண்ணப்பத்தில் அதற்கு இடமே கிடையாது. அது ரொக்கமாகக் கிளையிலிருந்து வர வேண்டும், கிளை பட்ஜெட்டில் அப்படி ஒரு வரியே இல்லை. கணக்கைச் சொல்கிறேன். மாதம் 2,340 வெள்ளி வாங்கும் ஒருவருக்கு 26ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 90, எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 11.25. ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, 16 வெள்ளி 88 காசு. எட்டு மணி நேரத்துக்கு 135. பன்னிரண்டு பேர், மூன்று நாள், 36 ஷிப்ட், மொத்தம் 4,860 வெள்ளி. பெரிய தொகை இல்லை என்று தோன்றும். ஆனால் அந்த ஓவர்டைமைச் செய்ய ஆள் வேண்டுமே. சட்டப்படி மாதத்துக்கு 104 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் கொடுக்கக் கூடாது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நிற்பவர் தினம் நான்கு மணி நேரம் ஓவர்டைம், 26 நாள் என்று பழைய கணக்கைப் போட்டாலே அது 104 ஆகிவிடும். 2023 ஜனவரியிலிருந்து வார வேலை நேரம் 48இலிருந்து 45 மணியாகக் குறைந்தபிறகு இடம் இன்னும் இறுகிவிட்டது. அப்படியென்றால் பன்னிரண்டு மணி நேரத் தளங்களில் இருக்கும் ஆட்களை வைத்து மாற்று ஆள் கொடுக்கவே முடியாது. இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு அந்த 1,350 மிஞ்சியிருக்கும்.

மறுபடியும் தொடங்கியபோது ரோஸ்டரை முதலில் எடுத்தேன், பயிற்சித் தேதியைக் கடைசியில் போட்டேன். தைப்பூச வாரம் வேண்டவே வேண்டாம், தண்ணீர்மலைப் பக்கம் ரோடு அடைப்பு, பாதிப் பேர் லீவு, மீதிப் பேர் காவடி எடுப்பார்கள். சீனப் புத்தாண்டு, நோன்பு மாதம் இரண்டையும் விட்டேன். பன்னிரண்டு பேரை ஆறு ஆறாகப் பிரித்தேன். இதனால் பயிற்றுநருக்கு ஆறு நாள், கட்டணம் 24,000 ஆகும், பேசிப் பேசி வரியோடு 20,000க்குக் கொண்டு வந்தேன். ஹாலுக்குப் பதிலாகப் பிறை வட்டாரத்தில் எங்கள் ஸ்டோருக்கு மேலே இருந்த அறையைக் கழுவி, இரண்டு மின்விசிறி வைத்தேன். மாற்று ஆளுக்கு, எட்டு மணி நேரத் தளங்களில் இருந்த மூத்த லான்ஸ் கொப்ரல்களைத் தற்காலிகமாக மேற்பார்வைக்கு நிறுத்தி, ஓவர்டைமோடு ஷிப்டுக்கு 20 வெள்ளி அலவன்ஸ் கொடுத்தோம். யாரை நிறுத்துகிறோம் என்று வாடிக்கையாளர்களுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே பேரோடு கடிதம் போனது. கடிதம் போனபிறகு ஒருவரும் பில்லில் வெட்டவில்லை. லோரி டிரைவர் விஷயம் நடந்த கிடங்கின் மேலாளரிடம் நேரில் போய்க் கேட்டேன், அவர் 3,000 வெள்ளி கொடுக்க ஒத்துக்கொண்டார். அவருக்கும் அந்தச் சம்பவத்தில் தலைவலி இருந்தது. மீதியை மேனேஜர் சீருடைக் கணக்கிலிருந்து எடுத்தார்.

வகுப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பட்டை இறங்கிய அந்த அண்ணனும் முதல் குழுவில் இருந்தார். நடித்துக் காட்டும் பயிற்சி. கான்ஸ்டபிள் வேடத்தை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். பயிற்றுநர் லோரி டிரைவர். புதிதாகப் பதவி உயர்வு பெற்ற ஒரு மலாய் கொப்ரல், இருபத்தெட்டு வயது இருக்கும், மேற்பார்வையாளர். அண்ணன் கத்திக்கொண்டே டிரைவரின் காலரைப் பிடிக்கிறார், கொப்ரல் அப்படியே நின்றுவிட்டார், சிசிடிவியில் பார்த்த அதே நிற்பு. "நிறுத்து" என்றார் பயிற்றுநர், "மறுபடியும்". இரண்டாவது தடவையும் வாய் வரவில்லை. அப்புறம் பயிற்றுநர் மூன்றே விஷயம் சொல்லிக் கொடுத்தார். நடுவில் உடம்பைக் கொண்டுபோய் நிறுத்து, குரலைத் தாழ்த்து, உன் ஆளுக்கு ஒரு வேலை கொடுத்து அந்த இடத்தைவிட்டு அனுப்பு. ஏசுவது, திருத்துவது எல்லாம் அப்புறம், தனியாக. அடுத்த தடவை கொப்ரல் இருவருக்கும் நடுவில் தோளை நுழைத்து, மெதுவாக, "சுடா, சுடா. மாசோக் பொண்டோக், அம்பில் புக்கு" என்றார். போதும் என்று நிறுத்தி, உள்ளே போய்ப் பதிவுப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார், அவ்வளவுதான். அண்ணன் கையை விட்டுவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்து உட்கார்ந்தவர் என்னிடம், "இவ்வளவுதானா தங்கச்சி? இதையா எனக்குப் பதினாறு வருஷமா யாரும் சொல்லல?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

மற்ற நேரமெல்லாம் சாதாரணப் பாடம்தான். ஷிப்ட் மாறும்போது ஐந்து நிமிட ரோல் காலில் என்ன சொல்வது, பிடித்து வைத்தவரின் நேரத்தையும் நிலையையும் பதிவுப் புத்தகத்தில் எப்படி எழுதுவது, நேற்று வரை கூட உட்கார்ந்து தே தாரேக் குடித்தவனுக்கு இன்று எப்படி உத்தரவு போடுவது. கடைசியாகச் சொன்னதற்கு அரை நாள் ஒதுக்கியிருந்தார், அதுவே போதவில்லை, எல்லாரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். நீங்கள் பாடத்திட்டம் போட்டால் அதற்கு ஒரு முழு நாள் கொடுங்கள்.

முடிந்தபிறகு பணம் பயிற்சி நிறுவனத்துக்குப் போய்ச் சேர்வது இன்னொரு அலைச்சல். வருகைப் பதிவுத் தாளில் காலையில் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், மத்தியானம் இருவர் விட்டுவிட்டார்கள், அதற்காகத் தளம் தளமாகப் போய் அவர்களைத் தேடிப் பிடித்து விளக்கக் கடிதம் வாங்கினேன். சாப்பாட்டுக்கு அப்புறம் உட்காரும் முன்பே தாளைச் சுற்ற விடுங்கள். வந்தவர் பேர், அடையாள அட்டை எண் எல்லாம் விண்ணப்பத்தில் இருப்பது போலவே இருக்க வேண்டும், கடைசி நிமிடத்தில் ஆள் மாற்றினால் உடனே தெரிவித்துவிடுங்கள். நாங்கள் நிரப்பிய ஜேடி14 என்ற எச்ஆர்டி கார்ப் படிவம், பில், வருகைத் தாள், படங்கள் எல்லாவற்றையும் ஒரு பிரதி நானும் வைத்திருக்கிறேன். ஒருதடவை திருப்பி அனுப்பினார்கள், பிரதி இருந்ததால் அன்றைக்கே பதில் போட முடிந்தது.

இப்போது நான் பிடித்துக்கொண்டிருப்பது ஒப்பந்தம். மானியம், லெவி, சீருடைக் கணக்கு என்று ஒவ்வொரு தடவையும் பொறுக்கிக்கொண்டிருந்தால் இது ஒரே தடவையோடு போய்விடும். தளங்களுக்கு விலை கொடுக்கும்போது சம்பளம், ஈபிஎஃப் சேமநிதி, சொக்சோ காப்புறுதி, சீருடை, வாக்கி டாக்கி எல்லாம் வரி வரியாக வருகிறது, மேற்பார்வையாளர் பயிற்சிக்கும் மாற்று ஆளுக்கும் ஒரு வரி கிடையாது. வருடத்துக்கு 36 ஷிப்ட் மாற்றுச் செலவு 4,860ஐ எங்கள் 140 பேருக்குப் பிரித்தால் ஓர் ஆளுக்கு மாதம் மூன்று வெள்ளிகூட ஆகாது. புதுப்பிக்க வந்த ஒப்பந்தங்களில் அதைத் தனி வரியாகப் போட்டு மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். அந்தக் கிடங்கு ஒப்புக்கொண்டுவிட்டது. பாயான் லெப்பாஸில் ஒரு தளம் சிவப்பு மையில் கோடு போட்டுத் திருப்பி அனுப்பியது. அவர்களுக்கு ஒப்பந்தம் மறுபடியும் ஆண்டு இறுதியில் வருகிறது, அதே வரியோடு, இந்தத் தடவை பதிவுப் புத்தகத்தில் பயிற்சிக்கு முந்தைய வருடமும் அதற்கு அப்புறமும் எத்தனை கைகலப்பு பதிவாகியிருக்கிறது என்ற கணக்கையும் இணைத்து அனுப்பப் போகிறேன். எண்ணி எடுக்கும் வேலையை அந்த அண்ணன் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்.